ரத்தத்தில் மிதந்த எண்ணெய்

எனக்கு என்ன வந்தது என்று கேட்கிறவர்களிடம் "கணையத்தில் வீக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் வாயால் சொல்ல வருவதில்லை. எழுதினால் அழுகை வந்தாலும் எழுதினது அழியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். வயது நாற்பத்தாறு. தாராவியில் என் வீட்டுக்காரர் கணேசனும் நானும் சேர்ந்து வடை, பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறோம். பிள்ளைகள் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் ராத்திரி எட்டு வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. உடைந்த வடை, கருகின பஜ்ஜி, நடுநடுவே சர்க்கரை போட்ட சாயா. இப்படித்தான் பதினெட்டு வருஷம் ஓடியது. சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஒரு முகாமில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பருப்பு வடை தட்டிக்கொண்டிருந்தபோது மேல் வயிற்றில் ஒரு வலி பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அது முதுகுக்குப் போனது. யாரோ கம்பியை முன்னால் குத்திப் பின்னால் இழுக்கிற மாதிரி இருந்தது. குனிந்தால் கொஞ்சம் தாங்கியது, நிமிர்ந்தால் உயிர் போனது. வாந்தி வந்தது.

"வாயுவா இருக்கும், சோடா குடி" என்றார் வீட்டுக்காரர். குடித்தேன். அதையும் வாந்தி எடுத்தேன். பக்கத்துத் தெரு டாக்டர் ஊசி போட்டார். விடியும்வரை முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. வீட்டுக்காரர் டாக்சி பிடித்து மாநகராட்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். எடுத்த சிஸ்டர் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போய் ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார். சின்னப் பெண், என் அண்ணன் மகள் வயதுதான் இருக்கும். அவரும் குழாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரத்தம் சிவப்பாக இல்லை. ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். மேலே வெள்ளையாக ஆடை மாதிரி திரண்டது.

என் உடம்பிலிருந்து வந்த ரத்தம் பால் மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பயம்தான் தெரிந்தது.

அந்தச் சின்ன டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று இந்தியில் கேட்டார். "தாரு லேதி ஹோ க்யா?"

சாராயம் குடிப்பாயா என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பளயப் பாத்து என்ன கேள்வி கேக்காவ இவுக" என்று தமிழில் முணுமுணுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு டாக்டர்கள் அதையே கேட்டார்கள். மூன்றாவது ஆள் நான் சொன்னதை நம்பாத மாதிரி எனக்குப் பட்டது.

ஸ்கேன் எடுத்தபிறகு சின்ன டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் இந்தியில் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"நாம சாப்பிடுற எண்ணெய், நெய் எல்லாம் குடல்ல கரைஞ்சு சின்னச் சின்ன உருண்டையா ரத்தத்துல ஏறும். மத்தவங்க உடம்பு சில மணி நேரத்துல அதை எடுத்துச் சேமிச்சு வச்சிடும். உங்க உடம்பு எடுக்க மாட்டேங்குது. தேங்கி நிக்குது. நூத்தம்பதுக்குள்ள இருக்க வேண்டிய கொழுப்பு உங்களுக்கு நாலாயிரத்துக்கு மேல இருக்கு."

அந்தக் கொழுப்புக்கு டிரைகிளிசரைடு என்று பெயர். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கிற உறுப்பு. சாப்பாட்டைக் கரைக்கும் நீரும் இன்சுலினும் அங்கேதான் உண்டாகின்றன. கெட்டியான ரத்தம் அங்கே உள்ள மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. அங்கே கொழுப்பு உடைந்து அமிலமாகிச் சுடுகிறது. சுட்ட இடம் வீங்குகிறது.

"முள்ளு குத்துனா அந்த இடம் செவந்து, சூடாகி, வீங்கும்ல? அதுதான் அழற்சி. உங்களுக்கு அது கணையத்துல நடக்குது. சாப்பாட்டைக் கரைக்கிற நீர் வெளிய கசிஞ்சு கணையத்தையே கரைக்க ஆரம்பிச்சிருக்கு. அழற்சி அங்கேயே நிக்கலாம், உடம்பு பூராவும் பரவலாம். அடுத்த மூணு நாள் முக்கியம்."

"பரவினா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"நுரையீரல், கிட்னி" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்கள்தான் இருக்கலாம் என்றார்கள். வீட்டுக்காரர் வாசலில் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். யாருக்கு என்று எனக்குத் தெரியாது. கேட்கிற நிலையிலும் இல்லை.

மறுநாள் காலை கண் விழித்தபோது கட்டில் பக்கத்து ஸ்டூலில் என் மதினி சரஸ்வதி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. பாண்டுப்பிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்திருக்கிறாள்.

"கணேசண்ணே போன் பண்ணாவ" என்றாள்.

என் கூடப் பிறந்த முருகேசன் அண்ணனின் மனைவி அவள். அண்ணன் செத்து எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் மதினி என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. கல்யாணம், காதுகுத்து என்று பொது இடத்தில் பார்த்தால் "நல்லா இருக்கியா" என்று கேட்பாள், அவ்வளவுதான். ஏன் என்று எனக்குத் தெரியும். அவளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் மூச்சு முட்ட ஆரம்பித்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூக்கில் ஆக்சிஜன். ஒரு கையில் உப்பு நீர், இன்னொரு கையில் இன்சுலின். இன்சுலின் சர்க்கரைக்கு மட்டுமல்ல, ரத்தத்தில் மிதக்கிற கொழுப்பைச் சீக்கிரம் உடம்புக்குள் தள்ளவும் உதவும் என்று சிஸ்டர் சொன்னார். அது சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடக் கூடாது என்று கூடவே குளுக்கோஸும் ஏற்றினார்கள். மணிக்கு ஒரு தரம் விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். இரண்டு நாளில் பத்து விரலும் கறுத்துவிட்டன. மூத்திரம் எவ்வளவு போகிறது என்று பையைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். அது குறைந்தால் கிட்னி போகிறது என்று அர்த்தம் என்று நான் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. கழுத்தைத் திருப்ப முடிகிற நேரமெல்லாம் அந்தப் பையைத்தான் பார்ப்பேன்.

வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கணையத்துக்கு வேலை கொடுக்கக் கூடாதாம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அனுமதித்த நேரத்தில் மதினி உள்ளே வந்து பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவாள். அவள் உதடும் வெடித்துப்போயிருந்தது. என் முன்னால் அவள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு குஜராத்தி அம்மா. அவருக்கும் இதே நோய்தான், பித்தப்பைக் கல்லால் வந்தது என்றார்கள். முந்தின நாள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். நிறையப் பேர் ஓடினார்கள். பிறகு யாரும் ஓடவில்லை. திரையை விலக்கியபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது.

அடுத்தது நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மதினி வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மதினி, என்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "கூட்டிட்டுப் போவோம். மூச்ச நல்லா விடு" என்றாள்.

ஐந்தாம் நாள் கொழுப்பு எண்ணூறுக்கு இறங்கியது. மூச்சும் சீரானது. திரும்ப வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை சின்ன டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. மதினியும் பக்கத்தில் நின்றாள்.

"எண்ணெய்ச் சாப்பாடும் கட்டுப்படாத சர்க்கரையும் மட்டும் இவ்வளவு ஏத்தாது. பிறப்புலயே ஒரு குறை இருக்கும். உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி வயித்து வலி வந்திருக்கா? சின்ன வயசுல யாராவது இறந்திருக்காங்களா?"

மதினிதான் பேசினாள். அவள் இந்தி என்னுடையதை விடச் சுத்தமாக இருக்கும்.

"என் வீட்டுக்காரர். இவளோட அண்ணன். நாப்பத்திரெண்டு வயசு. இதே நோயின்னுதான் எழுதியிருந்தாங்க. குடியால வந்ததுன்னு சொன்னாங்க."

"குடிப்பாரா?"

"முன்னால குடிச்சாரு. ரெண்டு வருஷமா விட்டிருந்தாரு."

டாக்டர் கையில் இருந்த தாளைப் புரட்டினார். "அவரோட ரத்தத்தை அப்போ பார்த்திருந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா குடிக்காமலும் வந்திருக்கலாம். தங்கச்சிக்கு இருக்கிறது அண்ணனுக்கும் இருந்திருக்கலாம். அவருக்குப் பிள்ளைங்க இருந்தா உடனே ரத்தம் பாருங்க."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டு வருஷத்துக்கு முந்தின அந்த நாளைப் பற்றி நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அண்ணன் வேறோர் ஆஸ்பத்திரியில் என்னைப் போலவே முட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஒளித்து ஒளித்துக் குடித்திருக்கிறார் என்று எல்லோரும் பேசினோம். அவர் என் கையைப் பிடித்து, "நம்ம அம்மை சத்தியமாத் தொடலட்டி பேச்சி" என்றார். நான் கையை உதறினேன். "செத்துப்போன அம்மை மேல பொய்ச் சத்தியம் பண்ணாதண்ணே. உன்னால மதினியும் பிள்ளையும் தெருவுல நிக்கப் போறாவ" என்றேன். மதினி அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

இதே வலியில்தான் அதைச் சொன்னார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. மூன்று டாக்டர்கள் என்னிடம் கேட்டபோது, ஒருவர் நம்பவில்லை என்று பட்டதற்கே எனக்கு எப்படி இருந்தது. அண்ணனை ஒருவர்கூட நம்பவில்லை. கூடப் பிறந்தவளும் நம்பவில்லை.

"மதினி" என்றேன்.

"இப்போ ஒண்ணும் பேசாத. உடம்பு தேறட்டும்" என்றாள் திரும்பாமலே. பிறகு, "செல்விக்கு மூணு மாசம், தெரியும்லா" என்றாள்.

செல்வி அவளுடைய ஒரே மகள். ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. போன வருஷம்தான் கல்யாணம். முழுகாமல் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

மதினி டாக்டர் பின்னாலேயே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. பிள்ளை வயிற்றில் வளரும்போது எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கொழுப்பு ஏறும் என்றாராம் டாக்டர். பிறப்பிலேயே குறை இருந்தால் கடைசி மாதங்களில் எகிறிவிடும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வழக்கமாக மாசமாக இருப்பவர்களுக்கு எடுக்கும் சோதனைகளில் இதைப் பார்க்க மாட்டார்களாம்.

அதுவரை எனக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பயந்தது வேறு விதம். அது இறங்கவே இல்லை.

பதினைந்தாம் நாள் எனக்குப் பருப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். தாளிக்காத வெறும் பருப்புத் தண்ணீர். மூன்று ஸ்பூன் குடித்துவிட்டு வலி வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் முன்னால் உணவு ஆலோசகர் ஒருவர் வந்தார். நாளைக்கு எவ்வளவு எண்ணெய் என்று ஒரு சின்ன ஸ்பூனைக் காட்டினார்.

"தேங்காய் எண்ணெய் நல்லதுங்காவ, நெய் நல்லதுங்காவ, எது சேர்க்கலாம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இவங்க உடம்புக்கு எல்லா எண்ணெயும் கொழுப்புதான். எதுவானாலும் இந்த அளவுதான்" என்றார் அவர். மைதா, சர்க்கரை, அளவுக்கு மிஞ்சிய சோறு இவற்றையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும் என்றார். மத்தி மீனைப் பொரிக்காமல் குழம்பு வைத்துச் சாப்பிடலாம், அதில் இருக்கிற கொழுப்பு அழற்சியைத் தணிக்கிற வகை என்றார்.

"எங்க கடையில சாப்பிடுதவங்களுக்கு?" என்று நான் கேட்டேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆலோசகர் தயங்காமல் சொன்னார். "எல்லாருக்கும் உங்களுக்கு வந்த மாதிரி வராது. ஆனா திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயும் வனஸ்பதியும் யாருக்கும் நல்லதில்ல. வெளிய தெரியாம ரத்தக்குழாய்ல மெதுவா அழற்சி உண்டாக்கும். வருஷக்கணக்குல அது இதயத்தைக் கெடுக்கும்."

இப்போது எங்கள் கடையில் முந்தின நாள் எண்ணெய் கிடையாது. பாதி நேரம் இட்லியும் சுண்டலும்தான். சட்டி முன்னால் வீட்டுக்காரர் நிற்கிறார். வியாபாரம் குறைந்திருக்கிறது. இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எட்டு வருஷத்துக்கு அப்புறம். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தாள். செல்வியின் ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினாள். அறுநூற்று நாற்பது. மூன்றாம் மாதத்திலேயே.

"அப்பாகிட்ட இருந்து வந்ததாத்தான் இருக்கும்னு அங்க உள்ள டாக்டரும் சொல்லுதாவ" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தொட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அண்ணன் பெயரைச் சொன்னேன் என்பது மட்டும் தெரியும்.

"அழாத. உடம்புக்கு ஆகாது" என்று என் தோளைப் பிடித்துத் தூக்கினாள். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு வருசமா யாராவது ஒருத்தர் வந்து, உன் புருசன் குடிக்கலன்னு சொல்ல மாட்டாவளான்னு இருந்தேன் பேச்சி. இப்போ சொல்லுதாவ. இதுக்கு அவரு குடிச்சே செத்தாருன்னு இருந்துட்டுப் போயிருக்கலாம். பிள்ளைக்கு இது இல்லாம இருந்திருக்கும்."

பிறகு வந்த மாதங்களை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. மாசமாக இருக்கிற நேரத்தில் செல்விக்கு மாத்திரை கொடுக்கத் தயங்கினார்கள். மீன் எண்ணெய்க் குப்பியும் சாப்பாடும்தான் மருந்து. வாரத்தில் மூன்று நாள் எண்ணெய் இல்லாத சமையல் செய்து, ரயில் ஏறி ஐரோலிக்குக் கொண்டுபோவேன். மற்ற நாள் மதினி போவாள். "அத்தை, ஒரே ஒரு அப்பளம்" என்று கேட்பாள் செல்வி. கொடுக்க மாட்டேன். அவள் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் எனக்கு உயிர் நின்றுவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரத்தம். எட்டாம் மாதம் ஆயிரத்தைத் தொட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்திருந்து கொழுப்பை இறக்கினார்கள். போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். குழந்தைக்கும் கொஞ்சம் வளர்ந்தபிறகு பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நினைக்காத நாள் இல்லை.

ஆனால் நான் எழுத நினைத்தது பிரசவத்துக்கு முந்தின நாள் காலையில் நடந்தது. செல்வியைச் சேர்த்துவிட்டு மதினியும் நானும் மேசை முன்னால் நின்றோம். நர்ஸ் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"பொண்ணோட அப்பா?"

"இறந்துட்டாரு" என்றாள் மதினி.

"எதனால?"

மதினி என்னைப் பார்த்தாள்.

"கணைய அழற்சி" என்றேன்.

நர்ஸ் எழுதினார். தலையை நிமிர்த்தாமல், "தாரு?" என்று கேட்டார்.

"நான் அவரோட தங்கச்சி" என்றேன். "அவரு குடிக்கல. எழுதிக்கோங்க."